ஹார்டு பிரஷ்

நவம்பர் 4, 1996. திங்கள்

காலையிலிருந்து தூறல். மலைப்பக்கம் ஒரே மூட்டம். தொண்டாமுத்தூர் முதல் ட்ரிப்பில் பாதி வண்டி காலி. காய்கறிக் கூடைக்காரர்கள் மட்டும். கூடைக்கு லக்கேஜ் டிக்கெட் கேட்டால் இன்னும் என்னைச் சின்னப் பையனைப் பார்ப்பது போலத்தான் பார்க்கிறார்கள்.

செய்ய வேண்டியவை:
ஜெனிக்கு ஸ்கூல் ஷூ அடிப்பாகம் ஒட்ட.
தோல் பை வார் தைக்க.
மழைக் கோட்டுக்குப் பட்டன்.
பல். (என்ன செய்வது என்று தெரியாது. சும்மா எழுதி வைக்கிறேன்.)

டிப்போக் குழாயில் வாய் கொப்பளித்தேன். இடதுபக்கம் மேல்பல்லில் சுரீர். உச்சந்தலை வரை. கோயமுத்தூரே சிறுவாணித் தண்ணீரைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறது. எனக்கு மட்டும் அது ஊசி. கேன்டீனில் வெந்நீர் கேட்டேன். "ஏனுங்க, புள்ள கிள்ள பெத்திருக்கறீங்களா" என்றார் கேன்டீன்காரர். எல்லாரும் சிரித்தார்கள். நானும், உதட்டை மூடிக்கொண்டு.

வண்டி சைடு கண்ணாடியில் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் பல்லைப் பார்த்தேன். பல் நீண்டிருக்கிறது. நாற்பத்திரண்டு வயதில் பல் வளருமா. வளரவில்லை, ஈறுதான் மேலே ஏறிவிட்டது. பல் முடிகிற இடத்துக்கும் ஈறுக்கும் நடுவே மஞ்சளாக ஒரு பட்டை. அசிங்கம்.

சுத்தம் போதவில்லை போல. மூன்று வேளை தேய்த்தும் இப்படி. இன்று ராத்திரியிலிருந்து உமிக்கரியில் உப்பு இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும்.

ஜெனி பல் காட்டினாள். மேல்வரிசை பரவாயில்லை. கீழ்வரிசை மறுபடி ஒரு தடவை தேய்க்கச் சொன்னேன். தேய்த்தாள். என் மகள் சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை.


நவ. 6. புதன்

மழை இல்லை. சுள்ளென்று வெயில்.

இன்று நடந்ததை எழுதவா வேண்டாமா என்று யோசித்து எழுதுகிறேன்.

வடவள்ளி ஸ்டாப்பில் ஒரு அம்மா ஏறினார். பட்டுச்சேலை, கழுத்து நிறைய. கல்யாண வீட்டுக்குப் போகிறவர். டிக்கெட் கட்டிலிருந்து ஒன்றைப் பிரிக்க விரலை நாக்கில் தொட்டேன். எல்லா கண்டக்டரும் தொடுவதுதான். தொடாமல் கிழித்தால் இரண்டாக வரும், மூன்றாக வரும். நீட்டினேன். அவர் கை நீட்டவில்லை.

"ஏனுங்க, எச்சத் தொட்டுக் குடுக்காதீங்க. வேற குடுங்க."

மரியாதையாகத்தான் சொன்னார். மூன்று இடத்தில் 'ங்க' போட்டுச் சொன்னார். அதுதான் கஷ்டம். திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். வெறும் விரலால் அடுத்த டிக்கெட்டைக் கிழித்தேன். கோணலாக வந்தது. வாங்கிக்கொண்டார். முதல் டிக்கெட்டை என்ன செய்வது என்று தெரியாமல் அடுத்த ஸ்டாப்பில் ஏறியவருக்குக் கொடுத்தேன். அவர் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். அவருக்குத் தெரியாதே.

டிரைவர் ரங்கசாமி கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். டெர்மினஸில் டீ குடிக்கும்போது சொன்னார்: "அட, உடுங்க தேவா. நானெல்லாம் வெத்தல எச்சக் கையிலதான் ஸ்டீரிங்கப் புடிக்கறேன். வண்டி போகாமயா போச்சு."

அவர் நல்லவர். நல்ல எண்ணத்தில்தான் சொன்னது. ஆனால் அவருக்குக் கிணத்துக்கடவு பக்கம் தோட்டம், பம்ப்செட், பேருக்குப் பின்னால் ஒரு ஊர். அவர் எச்சிலை யாரும் எச்சிலாகப் பார்ப்பதில்லை. என் பேர் தேவசகாயம். பேரைக் கேட்டதும் "எந்தூருங்க, எந்தப் பக்கமுங்க" என்று அடுத்த கேள்வி வரும்.

ஸ்டேஷனரி கடையில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் வாங்கினேன். தைல டப்பாவில் தண்ணீர் ஊற்றி அதில் போட்டுப் பையில் வைத்திருக்கிறேன். இனி அதில்தான் விரல்.

வீட்டுக்கு வந்ததும் குழாயடியில் தேய்த்தேன். நுரை சிவப்பாகப் போனது. ஜெனி பக்கத்தில் நின்று பார்த்தாள். ரத்தம் வந்தால் அழுக்கு வெளியே போகிறது என்று அர்த்தம் என்றேன். அவள் சின்ன வயதிலிருந்து சொல்வதுதான். தெரியும் என்று தலையாட்டினாள்.

என் சம்சாரம் ஸ்டெல்லா தையல் மெஷினை நிறுத்திவிட்டு, பிரஷ் மாதத்துக்கு ஒன்று விரிந்துபோகிறது, நீங்கள் பல்லைத் தேய்க்கிறீர்களா தரையைத் தேய்க்கிறீர்களா என்றாள். துடைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.


நவ. 9. சனி

நாளைக்குத் தீபாவளி. காந்திபுரத்தில் தலை மேல் தலை. ஸ்வீட் டப்பா, பட்டாசுப் பை, புதுத்துணி. பட்டாசுப் பை ஏற்றக்கூடாது என்று சொல்லிச் சொல்லித் தொண்டை போனது. எல்லாரும் மடியில் மறைத்துக்கொண்டு ஏறினார்கள்.

நிற்க இடமில்லாமல் விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டே உள்ளே போனேன். இருபது வருஷமாக அதே இடதுபக்கப் பல்லில்தான் கடிப்பது. ஒரு குலுக்கலில் விசில் பல்லை இடித்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விசில் கீழே விழுந்து கால்களுக்கு நடுவில் எங்கேயோ உருண்டது. சத்தம் வராததால் டிரைவர் ர. வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன். "கண்டக்டரு தூங்கீட்டாருங்களா" என்று ஒருத்தர். கையால் கூரையைத் தட்டித் தட்டி மூன்று ஸ்டாப் ஓட்டினோம். கடைசியில் ஒரு குழந்தை எடுத்துக் கொடுத்தது. கழுவாமல் வாயில் வைக்க மனசில்லை. கழுவினால் சுரீர். ஆகவே பையில்.

ர. வற்புறுத்துகிறார். வடவள்ளியில் ஒரு பல் டாக்டரம்மா இருக்கிறாராம், அவர் சம்சாரத்துக்கு நன்றாகப் பார்த்தாராம். நீங்கள் ஏன் போகவில்லை என்று கேட்டேன். வெற்றிலையும் புகையிலையும் போட்டுப் போட்டு அவருக்கு முன்பல் ஒன்று ஆடுகிறது. நாக்கால் அதை முன்னும் பின்னும் ஆட்டி ஸ்கூல் பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டுவார். "வலியே இல்லீங்களே, எதுக்குப் போறது" என்றார்.

எனக்கு வலி இருக்கிறது. போகாததற்குக் காரணம் வேறு. வாயைத் திறந்து காட்ட வேண்டும். அவ்வளவுதான். படித்த அம்மா கிட்டத்தில் குனிந்து பார்த்து, மூக்கைச் சுளித்தால் என்ன செய்வது.


நவ. 12. செவ்வாய்

போய்விட்டு வந்தேன்.

காலையிலிருந்து நான்கு தடவை தேய்த்தேன். ஏலக்காய் இரண்டு. கிராம்பு ஒன்று. கிளினிக் வாசலில் செருப்பை விட்டுவிட்டு, திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தபோதே பேரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

டாக்டரம்மா சின்னப் பெண். முப்பது இருக்கும். பேச்சில் நம்ம ஊர். மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் விட்டு விட்டு அளந்தார். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். "மூச்சு உடுங்க, ஒண்ணும் ஆகாது" என்றார். கண்டுபிடித்துவிட்டார்.

அழுக்கு என்று சொல்வார் என்று காத்திருந்தேன். "ரொம்பச் சுத்தமா இருக்குதுங்க" என்றார். நாற்பத்திரண்டு வயதில் வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் அடுத்தது வந்தது. "சுத்தம் கொஞ்சம் ஜாஸ்தியாயிருச்சோன்னு தோணுது."

ஈறு இறங்குவதற்குப் பல காரணமாம். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். என் பதிலும்:

புகையிலை: இல்லை.
பீடி, சிகரெட்: விட்டு வெகுகாலம்.
வெற்றிலை: கல்யாண வீட்டில் மட்டும்.
சர்க்கரை: பார்த்ததில்லை. பார்க்கச் சொன்னார். சர்க்கரை இருந்தால் ஈறு சீக்கிரம் கெடுமாம்.
தூக்கத்தில் பல் கடிப்பது: தெரியாது. (ஸ்டெல்லாவைக் கேட்டேன். "எலி கொறிக்கற மாதிரி" என்றாள். இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னால் கோபம் வரும் என்று.)
அப்பா அம்மாவுக்கு: அம்மாவுக்குக் கடைசியில் பல்லே இல்லை. எதனால் விழுந்தது என்று யார் பார்த்தார்கள்.
வாயில் எதையாவது கடித்து வைக்கிற பழக்கம்: விசிலை எடுத்துக் காட்டினேன். வாங்கி, கடித்த தழும்பைப் பார்த்து, "அடேங்கப்பா" என்றார்.
பொடியா, பேஸ்ட்டா: பேஸ்ட் என்றேன். பாதிப் பொய்.
எத்தனை வேளை: இரண்டு என்றேன். பொய்.
என்ன பிரஷ்: சாதாரண பிரஷ் என்றேன். பொய்.
வலி எப்படி: லேசாகக் கூசும் என்றேன். அதுவும் பொய்தான்.

சிலருக்குப் பிறவியிலேயே ஈறு மெல்லிசு, சிலருக்குப் பல் வரிசை கோணல், சிலருக்குப் பல்லில் காரை படிந்து ஈறைத் தள்ளும் என்றார். "உங்களுக்குக் காரையே இல்லை. அதனாலதான் கேக்கறேன். வியாழக்கிழமை வர்றப்ப பிரஷ்ஷக் கொண்டு வாங்க."

பிரஷ்ஷை எதற்கு என்று கேட்கத் தைரியம் இல்லை.


நவ. 14. வியாழன்

மேகம், மழை இல்லை. ஜெனி ஸ்கூலில் குழந்தைகள் தினம். அதைப் பிறகு எழுதுகிறேன்.

என்னைப் போல ஒரு முட்டாள் இந்த லைனில் கிடையாது.

என் பிரஷ்ஷைக் கொண்டுபோக வெட்கம். முடி எல்லாம் நாலாபக்கமும் படுத்துக் கிடக்கிறது, ஓரத்தில் உமிக்கரிக் கறுப்பு. அதை அந்தச் சுத்தமான மேஜையில் எப்படி வைப்பது. மத்தியான ட்ரிப் முடிந்ததும் கடைக்குப் போனேன். வாழ்நாளில் முதல் தடவையாக 'சாஃப்ட்' என்று கேட்டு ஒரு பிரஷ் வாங்கினேன். புதுசாகத் தெரியக்கூடாது என்று குழாயில் நனைத்து, டிப்போச் சுவரில் நாலு தேய் தேய்த்து, கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா வாங்கித் திருப்பிப் பார்த்தார். எப்போது வாங்கியது என்றார். இரண்டு மாதம் ஆயிற்று என்றேன். கைப்பிடியின் அடியில் கடைக்காரர் ஒட்டிய விலைச்சீட்டு இருந்தது. அவர் அதை நகத்தால் பிரித்து மேஜை ஓரத்தில் ஒட்டினார். சிரிக்கவில்லை. அந்த நாற்காலியோடு தரை பிளந்து உள்ளே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்புறம் அலமாரியிலிருந்து மாவில் வார்த்த பல் செட் ஒன்றை எடுத்து வைத்தார். காலேஜில் பாடம் படிக்க வைத்திருப்பது. "தினம் தேய்க்கற மாதிரி இதுல தேச்சுக் காட்டுங்க." மெதுவாக ஆரம்பிக்க வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். கை கேட்கவில்லை. கை அதுபாட்டுக்கு எப்போதும் போல இப்படியும் அப்படியும் இழுத்தது. பல் செட் மேஜையில் நகர்ந்து நகர்ந்து ஓரத்துக்குப் போய்விட்டது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"இது பல்லுங்க. அடிப்புடிச்ச சட்டியில்லீங்க."

தேய்த்துத் தேய்த்து ஈறை நானே கீறி ஏற்றியிருக்கிறேன். பல்லின் வேர்ப்பகுதி வெளியே வந்துவிட்டது. அங்கே மேல்பூச்சு கிடையாது, அதனால்தான் தண்ணீர் பட்டால் சுரீர். உமிக்கரி, உப்பு, ஹார்டு பிரஷ், குறுக்கே இழுப்பது, தூக்கத்தில் கடிப்பது, விசில், எல்லாம் சேர்ந்து. போன ஈறு தானாகத் திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றலாம். தேய்ப்பதை நிறுத்தக்கூடாது, சாஃப்ட் பிரஷ்ஷில் பூப்போலத் தேய்க்க வேண்டும். கூச்சத்துக்கு ஒரு பேஸ்ட் எழுதிக் கொடுத்தார். விசிலை உதட்டில் மட்டும் வைக்க வேண்டும். ரத்தம் வந்தால் நல்லதா என்று கேட்டேன். "யாருங்க அப்படிச் சொன்னது? ரத்தம் வந்தா அங்க ஏதோ சரியில்லைன்னு அர்த்தம்."

இப்படித் தேய்க்க யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டார். யாரும் இல்லை, நானாகத்தான் என்றேன்.

"ஊட்டுல வேற யாராச்சும் இப்படித் தேய்க்கறாங்களா?"

இல்லை என்றேன்.

பிரஷ் பொய்க்கு வெட்கப்பட்டேன், சரி. இந்தப் பொய்யை எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன்.

வீட்டுக்கு வந்தால் ஜெனி காத்திருக்கிறாள். ஸ்கூலில் கொடுத்த மிட்டாய் காகிதத்தோடு கையில். மத்தியானத்திலிருந்து தின்னாமல் வைத்திருக்கிறாள். "பல்லுத் தேச்சுட்டுத் திங்கட்டுங்களாப்பா, தின்னுட்டுத் தேய்க்கட்டுங்களா?"

தின்னு கண்ணு என்றேன். இரண்டையும் செய்தாள். முன்னாலும் தேய்த்தாள், பின்னாலும் தேய்த்தாள்.


நவ. 15. வெள்ளி

தூறல். வண்டியில் வைப்பர் வேலை செய்யவில்லை. ர. புகையிலையைக் கசக்கிக் கண்ணாடியில் தேய்த்தார், தண்ணீர் ஒட்டாதாம். வாய்க்கு ஆகாததாவது கண்ணாடிக்கு ஆகட்டும் என்றேன். சிரித்தார்.

யார் கற்றுக்கொடுத்தது என்று அந்த அம்மா கேட்டது மண்டைக்குள் சுற்றுகிறது. சொல்லாததை இங்கேயாவது எழுதுகிறேன்.

தாராபுரம் பக்கம், ஐந்தாம் வகுப்பு. காலையில் பிரேயர் பாட்டுக்கு முன்னால் வாத்தியார் பல் பார்ப்பார். எல்லாருக்கும் இல்லை. எங்கள் தெருவிலிருந்து போன ஐந்து பேருக்கு மட்டும். வரிசையாக நிற்க வேண்டும். உதட்டை விரலால் தூக்கிக் காட்ட வேண்டும். அவர் தொட மாட்டார், குச்சியால் முகவாயை நிமிர்த்துவார். எனக்குப் பாட்டு நன்றாக வரும். ஒரு நாள் "நீ தேச்சுட்டு வந்து பாடு, சாமி பாட்டு" என்றார். வகுப்பே சிரித்தது. வாய்க்காலுக்கு ஓடிப்போய் செங்கல் துண்டால் ரத்தம் வரத் தேய்த்தேன். அன்றும் பாட விடவில்லை.

தோட்டத்துக்காரர் வீட்டுப் பையன்களும் எங்களைப் போல அதே வேப்பங்குச்சிதான். அவர்கள் பல்லை யாரும் பார்க்கவில்லை. அது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் தேய்த்தேன். இன்னும் தேய்க்கிறேன். அந்த வாத்தியார் செத்தும் பல வருஷம் ஆகிவிட்டது.

இன்று காலை நடந்தது. குழாயடியில் முகம் கழுவிவிட்டு நிமிர்ந்தால் ஜெனி எதிரில் நிற்கிறாள். நான் கூப்பிடவில்லை. முகவாயை நிமிர்த்தி, இரண்டு விரலால் உதட்டைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். எப்போதிலிருந்து கூப்பிடாமலே வந்து நிற்கிறாள் என்று தெரியவில்லை. நாங்கள் ஐந்து பேரும் நின்றது அப்படித்தான்.

பார்க்காமலே சரி போ என்றேன். போகவில்லை. "பாக்கலீங்களாப்பா?" என்றாள்.

பார்த்தேன். இத்தனை நாள் பல்லைத்தான் பார்த்திருக்கிறேன். இன்றுதான் ஈறைப் பார்த்தேன். கீழே நடுவில் இரண்டு பல்லுக்கு மட்டும் ஈறு பள்ளமாக இறங்கியிருக்கிறது.

அவள் ஸ்கூலுக்குப் போனதும் அவள் பிரஷ்ஷை எடுத்துப் பார்த்தேன். என்னுடையதைப் போலவே முடி படுத்துக் கிடந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு ஹார்டு வராது, பெரியவங்க பிரஷ்தான் இருக்கிறது என்று கடைக்காரர் சொல்லியும், பரவாயில்லை கொடுங்கள் என்று நான்தான் வாங்கினேன். அதைத் தோல் பையில் போட்டுக்கொண்டு டூட்டிக்குப் போனேன். சில்லறைக்குக் கை விடும்போதெல்லாம் முடி விரலில் குத்தியது.


நவ. 17. ஞாயிறு

சர்ச். பிரசங்கம் ஒன்றும் காதில் ஏறவில்லை. கிறிஸ்மஸ் பாட்டுப் பழக ஆரம்பித்துவிட்டார்கள். ஜெனி முதல் வரிசையில் நின்று உதட்டைப் பாதிதான் திறந்து பாடுகிறாள். குரல் நன்றாக இருக்கிறது. வாய் திறக்கவில்லை. என் குரல் அவளுக்கு வந்திருக்கிறது என்று எல்லாரும் சொல்வார்கள். வாயும் என்னுடையதுதான் என்று இன்றுதான் பார்த்தேன்.

மத்தியானம் ஸ்டெல்லாவிடம் எல்லாம் சொன்னேன். டாக்டர், பிரஷ், ஜெனியின் ஈறு. தாராபுரம் வாத்தியாரை மட்டும் சொல்லவில்லை. அவள் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டே கேட்டாள். ஜெனியின் துண்டில் அடிக்கடி சிவப்பாக இருக்கும், தோய்த்துத் தோய்த்துப் பார்த்திருக்கிறேன் என்றாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்ட பிறகு கேட்டிருக்கக்கூடாது என்று தெரிந்தது.

"ரத்தம் வந்தா நல்லதுன்னு நீங்கதான சொன்னீங்க. நானும் நம்புனேன்."

டாக்டரம்மாவிடம் நீ கூட்டிக்கொண்டு போ, எனக்கு டூட்டி இருக்கிறது என்றேன். நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நான் கூட்டிட்டுப் போமாட்டேனுங்க. நீங்கதான் போகோணும்."

கோபமாகச் சொல்லவில்லை. எழுந்து போய் ரசத்துக்குப் புளி கரைத்தாள்.


நவ. 18. திங்கள்

ஷூ ஒட்டியாயிற்று. பை வார் இன்னும் இல்லை.

இன்று சாயங்காலம் கிளினிக்குக்குப் போவதாக இருந்தது. நரசீபுரம் பக்கம் வாழைத்தோட்டத்தில் யானை இறங்கிவிட்டது. ரோட்டில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். ஆட்கள் தகரம் தட்டிக்கொண்டு, பட்டாசு போட்டுக்கொண்டு. தீபாவளி முடிந்தும் பட்டாசு வைத்திருப்பது இதற்குத்தானாம். வண்டியில் இருந்தவர்கள் நேரமாகிறது என்று முனகினார்கள். ஒரு பாட்டி, யானை போனதும் வாழைத்தார் கிடந்தால் எடுத்துக்கலாமா என்று ர.விடம் கேட்டார்.

நான் ஒருத்தன்தான் யானை மெதுவாகத் தின்னட்டும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். கிளினிக் மூடிவிடும். இன்று போக வேண்டியதில்லை. அந்த நினைப்பில் நெஞ்சு லேசானது. பெற்ற பிள்ளையின் வாய், அதைக் காட்டாமல் இருக்க ஒரு யானை கிடைத்ததே என்று சந்தோஷம். சீ.

வீட்டில் ஜெனி புதுப் பாவாடை போட்டுக்கொண்டு தலை வாரி உட்கார்ந்திருந்தாள். யானை என்றேன். எத்தனை யானைங்கப்பா என்றாள். ஸ்டெல்லா அந்தப் பாவாடையை வாங்கி மடித்துப் பெட்டியில் வைத்தாள்.


நவ. 19. செவ்வாய்

ர.விடம் சொல்லி டூட்டி மாற்றிக்கொண்டேன். பிள்ளைக்கு என்ன என்றார். பல் என்றேன். "உங்க ஊட்டுலயே பல்லு சுத்தமா இருக்கறது அந்தப் புள்ளைக்குத்தானுங்களே" என்றார். அவர் ஆடுகிற பல்லையும் நாளைக்குக் காட்டியாக வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். புகையிலையைக் குறைக்கச் சொல்வார் என்று இப்போதே பயம் அவருக்கு.

கிளினிக். டாக்டரம்மா என்னைப் பார்த்தார், ஜெனியைப் பார்த்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை என்று நான் சொன்னது அவருக்கு ஞாபகம் இருந்திருக்கும். ஜெனியை நாற்காலியில் ஏற்றி உட்கார வைத்தார். அவள் தானாகவே முகவாயை நிமிர்த்தி இரண்டு விரலால் உதட்டைத் தூக்கினாள். டாக்டரம்மா அந்த விரல்களையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் மெதுவாகக் கையை எடுத்துவிட்டு, "நானே பாத்துக்கறேன் அம்மணி" என்றார்.

நான் பையிலிருந்து அவள் பிரஷ்ஷை எடுத்து மேஜையில் வைத்தேன். புது பிரஷ் இல்லை. அதையே.

"யாரு கண்ணு உனக்கு இப்படித் தேய்க்கச் சொல்லிக் குடுத்தது?"

ஜெனி என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான்.

"யாருமில்லீங்க. நானாத்தான் அழுத்தித் தேச்சேன். அப்பா மெதுவாத் தேய்க்கச் சொல்லித்தான் திட்டுவாருங்க."

கண் சிமிட்டாமல் சொன்னாள். போன வியாழக்கிழமை இதே நாற்காலியில் நான் சொன்னது இதைத்தான். யாரும் இல்லை, நானாகத்தான். எனக்கு அந்த வாத்தியாரைக் காட்டிக்கொடுக்க வெட்கம். இவளுக்கு என்னை.

மேஜையில் இருந்த பிரஷ்ஷை என் பக்கம் நகர்த்திச் சொன்னேன். "பொய்ங்க டாக்டரம்மா. நாந்தான். தெனமும் நின்னு பாத்து, மறுபடி மறுபடி தேய்க்க வெச்சது நாந்தானுங்க."

ஜெனி குனிந்துகொண்டாள். அவள் பொய்யை நான் உடைத்ததில் அவளுக்குக் கோபமோ என்று கூடத் தோன்றியது. டாக்டரம்மா திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. திட்டாத மனிதர்களிடம்தான் எனக்குக் கஷ்டம்.

சொன்னது: கீழ்ப்பல் இரண்டுக்கு நூல் அளவு இறங்கியிருக்கிறது. இப்போதே பார்த்தது நல்லது. வளர்கிற வயது, பல் வரிசை நேராகும்போது கொஞ்சம் தேறினாலும் தேறும். தேறாவிட்டாலும் இதற்கு மேல் போகாமல் நிறுத்திவிடலாம். உமிக்கரி வேண்டாம். காலை, ராத்திரி, இரண்டு வேளை போதும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை காட்ட வேண்டும்.

பேனா பிடிப்பது போல பிரஷ் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். கண்ணாடி முன்னால் இரண்டு பேரையும் நிற்க வைத்து. ஜெனிக்கு உடனே வந்துவிட்டது. என் கை இன்னும் முரட்டுத்தனமாகத்தான் போகிறது. "அப்பாவுக்கு நீ பாத்துச் சொல்லிக் குடு" என்றார் அவளிடம்.

வடவள்ளி ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஜெனி, "நான் உங்களுக்கோசரந்தான் சொன்னேனுங்கப்பா" என்றாள். தெரியும் என்றேன்.


நவ. 20. புதன்

விடியும்போது நல்ல மழை, இப்போது விட்டிருக்கிறது. டூட்டிக்குப் போகும் முன்னால் எழுதுகிறேன்.

உமிக்கரி டப்பாவைக் கொய்யா மரத்தடியில் கொட்டினேன். ஸ்டெல்லா டப்பாவைக் கழுவி ஊசி நூல் போட எடுத்துக்கொண்டாள். நேற்றுக்கு அப்புறம் அவள் பேசிய முதல் வார்த்தை: "மூடி எங்கீங்க?"

ஜெனி புது பிரஷ்ஷில் தேய்த்தாள். பேனா பிடிப்பது போல. சிவப்பு இல்லாமல் வெள்ளையாகத் துப்பினாள். அப்புறம் பழக்கத்தில் என் எதிரில் வந்து நின்று முகவாயை நிமிர்த்தினாள்.

இனிமேல் நான் பார்க்க மாட்டேன் கண்ணு, யாருக்கும் நீ அப்படி நின்று காட்டவும் வேண்டாம் என்றேன். கையை இறக்கினாள். ஆனால் போகவில்லை. கொஞ்சம் யோசித்தாள்.

"அப்ப நீங்க காட்டுங்கப்பா. டாக்டரம்மா என்னத்தான பாக்கச் சொன்னாங்க."

துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன். வாயைத் திறப்பதற்கு முன் கை தானாக வந்து மறைத்தது. அவள் அந்தக் கையை எடுத்து என் மடியில் வைத்தாள். திறந்தேன். ஸ்டெல்லாவே கிட்டத்தில் பார்த்திருக்க மாட்டாள். நீண்டு போன பல், மஞ்சள் பட்டை, வேர் எல்லாம். ஜெனி குனிந்து ஒவ்வொரு பல்லாகப் பார்த்தாள். ரொம்ப நேரம். நான் ஐந்தாம் வகுப்பில் நின்றது போலக் கண்ணை மூடிக்கொண்டு, என்ன சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

"வலிக்குதுங்களாப்பா?"

வலிக்குது கண்ணு என்றேன். டாக்டரம்மாவிடம் கூட லேசாகக் கூசும் என்றுதான் சொன்னது.